ஊரடங்கு விட்டுச் சென்ற கடன்கள்



2020 மார்ச் 24-ம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, நள்ளிரவு முதல் தேசம் முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அந்த 21 நாட்கள் நீண்டு மாதங்களாயின. மறு ஆண்டில் இரண்டாம் அலை எழும்பியபோது, 2021 மே 10 முதல் நம் மாநிலத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது.

ஊரடங்கு சரியா தவறா என்று வழக்காடுவது இந்தப் பாடத்தின் நோக்கமல்ல. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில், வழக்கமான மரணங்களைவிட ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் பேர் உலகில் அதிகமாய் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்நோயின் பயங்கரம் உண்மையானது. ஆனால் நோய் தணிந்து, கடைகள் திறந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டோம். அது உண்மைதானா? தீர்த்தமலை போன்ற ஒரு கிராமத்தை மனதில் வைத்து இதை ஆராய்ந்து பார்ப்போம்.

1. வேலையில் வந்த கடன்

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ளது தீர்த்தமலை. சுற்றிலும் மழையை நம்பிய நிலங்கள் அதிகம். மழை பொய்த்தால் வேலை இல்லை. ஆகவே வாலிபரும் குடும்பஸ்தரும் பெங்களூரில் கட்டட வேலைக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கும் போவது இந்த மாவட்டத்தில் நெடுங்கால வழக்கம். ஊரில் தங்கியிருப்போரில் சிலர், மலைமேல் உள்ள தீர்த்தகிரீஸ்வரர் கோவிலுக்கு வருகிற யாத்திரிகர்களை நம்பிப் பூவும் தேங்காயும் தின்பண்டமும் விற்றுப் பிழைக்கிறவர்கள்.

இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அடைபட்டன. வெளியூரில் கட்டட வேலை நின்றது. தமிழ்நாட்டின் பெரிய கோவில்கள் 2020 செப்டம்பர் 1 வரை பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லை. 2021 ஏப்ரல் 26 முதல் ஜூலை 5 வரை மறுபடியும் மூடப்பட்டன. அரசு அரிசி கொடுத்தது. அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் கொடுத்தது. 2021-ல் 4000 ரூபாய் இரண்டு தவணைகளாய் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் பெரிய தாங்கலாயிருந்தது. தேச அளவில் 2019-20-ல் 265 கோடி மனித நாட்களாயிருந்த அந்த வேலை, 2020-21-ல் 389 கோடியாய் உயர்ந்தது. பசித்தவர்கள் எத்தனை பேர் மண்வெட்டியைத் தேடி வந்தார்கள் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும். வாங்கிய கடனை அடைக்காது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின என்பதை நம் வாசகர் அறிந்திருக்கலாம். குழுவில் கடன் வாங்கி ஆடோ மாடோ வாங்கிய பெண்கள், தவணை தவறாமல் கட்டுவதைத் தங்கள் கௌரவமாய் எண்ணுகிறவர்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணையைத் தள்ளிக் கட்ட ரிசர்வ் வங்கி இடங்கொடுத்தது. தவணை தள்ளிப் போயிற்று. வட்டி தள்ளிப் போகவில்லை. அது அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தது. வங்கிக் கடனில்லாமல் ஊர் வட்டிக்காரரிடம் வாங்கியவர்களுக்கோ அந்த ஆறு மாதச் சலுகையும் இல்லை. தாலிச் சங்கிலியை அடகு வைத்து, கறவை மாட்டை விற்றுக் கடனைக் கட்டின குடும்பத்துக்கு, வேலை திரும்பி வந்தபின்பும் மாடு திரும்பி வருவதில்லை. வருமானம் நின்றது சில மாதங்கள்தான். வருமானம் தரும் பொருளை இழந்ததோ பல ஆண்டுகளுக்கு.

இந்தியாவில் வேலை செய்வோரில் விவசாயத்தை நம்பியிருப்போரின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. 2018-19-ல் அது 42.5 சதவீதம். ஊரடங்குக்குப் பின் 2020-21-ல் 46.5 ஆகிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து 2023-24-லும் அது 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. நகரத்திலிருந்து காட்டு வேலைக்குத் திரும்பினவர்கள் பலருக்கு, விட்டுவந்த இடம் மறுபடி கிடைக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. ஒரே காணி நிலத்தில் இருவர் செய்த வேலையை நால்வர் செய்தால் விளைச்சல் கூடுவதில்லை, பங்குதான் குறைகிறது.

2. பள்ளியில் வந்த கடன்

2020 மார்ச் மாதத்தின் நடுவில் பூட்டப்பட்ட பள்ளிகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. 19 மாதங்களுக்கு மேல்! 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதன்முதலாய் வகுப்பறைக்குள் கால் வைத்தபோதே இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அ, ஆ கற்க வேண்டிய காலத்தில் அதற்கு ஆசிரியர் முகமே தெரியாது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன, கைபேசியிலும் வந்தன. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனின் சட்டைப் பையில் என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்?

தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பரிசோதித்து ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள், அதே கிராமங்களில் 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட வெகுவாய்ப் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் இருந்த பின்னடைவைவிடக் கணக்கில் இருந்த பின்னடைவு ஏறக்குறைய இரட்டிப்பு. வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கழித்தல் கணக்கு அப்படி விழுவதில்லை.

இந்த இழப்பு தானாய் ஆறிவிடுமா? இதற்கு வேறொரு தேசத்தின் அனுபவம் உதவுகிறது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வட பகுதியில் பெரும் பூகம்பம் நேரிட்டது. பள்ளிகள் சராசரியாய் 14 வாரங்களே மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, பூகம்பம் தாக்கிய இடங்களின் பிள்ளைகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். 14 வார இழப்பு எப்படி இவ்வளவு வளர்ந்தது? பள்ளி திறந்ததும் ஆசிரியர் அந்த ஆண்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். விட்டுப்போன பாடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அஸ்திபாரத்தில் கல் விழுந்துபோனால் மேலே கட்டுகிற ஒவ்வொரு வரிசையும் சாய்வது போல, ஒவ்வொரு ஆண்டும் பிள்ளை இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது. தொடக்கக் கல்வியாவது முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார்! எழுதப் படிக்க அறியாத பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த மலையடிவாரக் கிராமங்களுக்கு இது எவ்வளவு பெரிய எச்சரிப்பு!

2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2030-ல்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும். ஆகவே ஊரடங்கின் கணக்கு இன்னும் முடியவில்லை.

3. பெண் பிள்ளைகள்மேல் விழுந்த கடன்

பள்ளி பெண் பிள்ளைக்குப் படிப்பை மட்டும் தருவதில்லை. அவள் இன்னும் சிறுபிள்ளைதான் என்று தினமும் ஊருக்கு நினைப்பூட்டுவதும் அதுவே. சீருடையில் போகிற பிள்ளையைப் பெண் கேட்க உறவினர் தயங்குவார்கள். அவள் ஒன்றரை ஆண்டு வீட்டிலே இருந்தபோது அந்தத் தயக்கம் நீங்கிற்று. திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. ‘செலவில்லாமல் முடித்துவிடலாம்’ என்ற எண்ணம் கடன்பட்ட பெற்றோருக்கு எழும்பியது. அவர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பது எளிது. அவர்கள் நெருக்கத்தை அறிவது கடினம்.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். குழந்தைத் திருமணத்துக்காக நெடுங்காலமாய்ப் பேசப்பட்டு வரும் மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. எங்களைப் போன்ற மருத்துவமனைப் பணியாளர்களுக்கு இதன் முடிவு பிரசவ வார்டில்தான் தெரிகிறது: இரத்த சோகையுள்ள இளந்தாய், எடை குறைந்த சிசு. ஊரடங்கில் பூட்டப்பட்ட ஒரு வகுப்பறையின் பாதிப்பு, இப்படி அடுத்த தலைமுறையின் தொட்டில் வரைக்கும் வந்துவிடுகிறது.

4. சரீரத்தில் வந்த கடன்

நாங்கள் மிகவும் கவலையோடு எழுதுவது காசநோயைப் பற்றி. இந்தியாவில் 2019-ல் கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவான காசநோயாளர் 24 லட்சத்துக்குச் சற்று அதிகம். 2020-ல் பதிவானவர்கள் 18 லட்சம் மட்டுமே. இதைப் பார்த்து நோய் குறைந்தது என்று எண்ணலாகாது. அந்த 6 லட்சம் பேரில் பலர் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். பேருந்து இல்லை. இருமினால் கொரோனா என்று ஊரார் ஒதுக்குவார்களே என்ற பயம் வேறு. சிகிச்சை பெறாத ஒரு காசநோயாளர் ஓர் ஆண்டில் நெருங்கிப் பழகுகிற 10 முதல் 15 பேருக்குக் கிருமியைப் பரப்பக்கூடும். அப்படித் தொற்றியவர்களில் சிலருக்கு நோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகும். 2020-ல், பத்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் முதன்முறையாய், உலகில் காசநோய் மரணங்கள் கூடின.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் நிலையும் இதுவே. மாவட்டத்துக்குள் ஓடும் பேருந்துகள் 2020 செப்டம்பர் 1-லும், மாவட்டம் விட்டு மாவட்டம் செல்பவை செப்டம்பர் 7-லும்தான் தடையின்றி ஓடத் தொடங்கின. அதுவரை தீர்த்தமலையிலிருந்து அரூர் வந்து மாத்திரை வாங்குவதே ஒரு பெரிய பிரயாணம். வலி இல்லாத நோய்க்கு மாத்திரையை விடுவது எளிது. விட்ட மாத்திரையின் விலையைச் சிறுநீரகமும், கண்ணும், இருதயமும் பல ஆண்டுகள் கழித்துச் செலுத்துகின்றன.

5. கடன் தீரும் வழி

இதுவரை வாசித்தவர்களுக்கு மனம் சோர்ந்திருக்கலாம். ஆனால் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

நாம் மேலே சொன்ன தமிழ்நாட்டு ஆய்வு இன்னொன்றையும் கண்டது. பள்ளி திறந்து ஆறே மாதங்களில் பிள்ளைகள் தாங்கள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். அப்படித் திரும்பப் பெற்றதில் ஏறக்குறைய கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் பலன். அதில் கற்பித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல. அதே தெருவில் வசித்த, கொஞ்சம் படித்த வாலிபப் பெண்களே பெரும்பாலோர். பிள்ளைகளை மாலையில் கூட்டி, விட்டுப்போன இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பாகிஸ்தானில் யாரும் செய்யாததை இவர்கள் செய்தார்கள்.

சுகாதாரத்திலும் இப்படியே. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி, நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரை நோயாளியின் வீட்டு வாசலுக்கே போயிற்று. காசநோயிலும், வீடு வீடாய் விசாரித்துத் தேடினதினால் 2022-ல் பதிவானவர்கள் மறுபடியும் 24 லட்சத்தை எட்டினார்கள். பெண் பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் வந்தது. படிக்கிற மகள் வீட்டுக்குப் பாரமல்ல என்று பெற்றோருக்கு அது காட்டிற்று.

இவற்றில் பொதுவாய் விளங்குவது என்ன? கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவர்களிடம், ஏற்கெனவே வரக்கூடியவர்கள் மட்டும் வந்தார்கள். கடன்பட்டவரும், எழுத்தறியாத வீட்டுப் பிள்ளையும், ஊருக்குப் பயந்து இருமலை மறைத்தவரும், யாராவது தேடிப் போனபோதுதான் கிடைத்தார்கள். தப்பிப்போன ஒரே ஆட்டுக்காகப் புறப்பட்டுப் போன மேய்ப்பனின் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். அவன் தொழுவத்தின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே, மருத்துவமனைகளுக்கு உதவுகிற அன்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க விரும்புகிறோம். புதிய கட்டடமும் கருவியும் கண்ணுக்குத் தெரியும். வராமற்போன நோயாளியைத் தேடி மலையடிவாரக் குடிசைக்குப் போகிற சுகாதாரப் பணியாளரின் பேருந்துக் கட்டணமும், செருப்புத் தேய்வும் தெரியாது. ஆனால் ஊரடங்கு விட்டுச் சென்ற கடன் பெரும்பாலும் அந்த நடையினால்தான் அடைபடும்.

சிந்திக்கவும் செய்யவும்

1. உங்கள் தெருவில் 2020-க்குப் பின் படிப்பை விட்ட பிள்ளை உண்டா? அவனோ அவளோ இன்று என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

2. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இன்றும் தடுமாறுகிற பெரிய பிள்ளைக்கு, வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களால் முடியுமா?

3. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ உள்ளவரைச் சளிப் பரிசோதனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை முழுக்காலமும் சாப்பிட வேண்டும்.

4. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறதென்று அறிந்தால், முதலில் பெற்றோரிடம் அன்பாய்ப் பேசுங்கள். அவர்கள் நெருக்கம் என்னவென்று கேளுங்கள். கேளாவிட்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.