தொட்டிச் செடிக்கு ஏற்ற மண்

வயலுக்கு உகந்த மண்ணே தொட்டிக்கும் உகந்தது என்று அங்கத்தினர்களிற் பலர் கருதுகின்றனர். ஏரி வண்டலைத் தொட்டியில் நிரப்பிச் சோற்றுக்கற்றாழையை நடுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது அடியிலிருந்து அழுகிவிடுகிறது. சூட்டுப் புண்ணுக்கு உதவும் என்று வீட்டில் வளர்த்த செடி, வேண்டிய நாளில் இல்லாமற் போகிறது.

முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனி வாரியங்களைக் குறிப்பிடுகின்றன. ஏரியின் தேவை வேறு, தோட்டத்தின் தேவை வேறு. தொட்டியின் தேவையோ இவ்விரண்டினும் வேறானது.

காரணம் யாது? வேருக்கு நீரைப் போலவே காற்றும் அவசியம். வண்டலின் துகள்கள் மிக நுண்ணியவை; அவற்றின் இடைவெளிகள் நீரைப் பற்றிக்கொண்டு விடா. நிலத்தில் அந்நீர் ஆழத்திற்கு இறங்க இடமுண்டு. ஒரு முழ உயரமும் இல்லாத தொட்டியில் அது அடியிலேயே தங்கிக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் இருப்பதால் அது சேற்றில் வாழும். கற்றாழைக்கு அவ்வமைப்பு இல்லை. மேலும், அது பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடி இரவில் திறப்பதால், நீரை மிகச் சிறிதே செலவிடுகிறது. ஆகவே தொட்டி எளிதில் உலராது.

கலவை செய்யும் முறை: செம்மண் ஒரு பங்கு; பருமணல், அல்லது கடலைப்பருப்பு அளவில் உடைத்துத் தூள் நீக்கிய செங்கல் இரண்டு பங்கு; கருக்கிய உமி ஒரு பங்கு; நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. நுண்மணல் கூடாது, அது மண்ணோடு சேர்ந்து இறுகும். கடற்கரை மணலில் உப்பு உண்டு, அதனையும் விலக்குக. கலவையை நனைத்தபின் மீண்டும் நீர் ஊற்றினால், மேலே தேங்காமல் உடனே இறங்கி அடித்துளையில் ஒழுக வேண்டும். மணி பிளாண்ட் போன்ற இலைச் செடிகளுக்குச் செம்மண் இரண்டு பங்கும், பருமணலும் உரமும் ஒவ்வொரு பங்கும் போதும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது தவறான எண்ணம். நுண்ணிய மண்ணிலுள்ள நீர் பெரிய கற்களுக்குள் எளிதில் இறங்காமல், அவற்றின் மேலேயே தங்கும். துளையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லு வைப்பது போதுமானது.

மாற்றி நடுவதற்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. செடியை எடுத்துப் பழைய மண்ணை உதிர்த்து, அழுகிய வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்கி, மூன்று நான்கு நாட்கள் நிழலில் உலர்த்துக. வெட்டுவாய் காய்ந்தபின், வேர்த்திரளைவிட ஓரங்குலமே அகன்ற மண்தொட்டியில், உலர்ந்த கலவையில் நடுக. ஒரு வாரம் கழித்தே நீர் விடவேண்டும். அதன்பின் மேல்மண் இரண்டங்குலம் உலர்ந்தாலன்றி நீர் வேண்டா. மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்க.

முற்காலத்தில் வில் நாணுக்கு நார் தந்த மருளுக்கும் இம்முறையே பொருந்தும். நார்ச் செடியாதலின், நெசவாளர் இல்லங்களில் ஒரு தொட்டியேனும் அது இருத்தல் தகும்.