குழாய்க்குள் ஓடும் கடிகாரம்: தவளை முட்டைச் சாறு எடுப்பது எப்படி?

ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை கருவுற்றதும் முதல் பிளவுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் ஆகிறது. அதன்பின் அரை மணிக்கு ஒரு பிளவு. பன்னிரண்டாவது பிளவு முடியும்போது சுமார் 4,000 செல்கள். இந்த வேகத்தில் செல் வளர நேரமில்லை. டிஎன்ஏ இரட்டிக்கிறது, செல் பிரிகிறது, மறுபடி இரட்டிக்கிறது. தேவையான புரதங்களில் பெரும்பகுதியைத் தாய்த் தவளை முன்கூட்டியே முட்டைக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் முட்டையை உடைத்து எடுத்த சாற்றிலும் இந்தச் சுழற்சி தொடர்ந்து ஓடுகிறது. ஆய்வகத்தில் அதை ஓடவிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கான வழிமுறை இது.

தொடங்கும் முன்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறுங்கள். முட்டையிட்ட பெண் தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. சில மாத ஓய்வுக்குப் பின் மீண்டும் பயன்படுத்தலாம். விந்தணு உட்கருக்களைப் பிரித்தெடுத்துச் சிறு பகுதிகளாக மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தால் பல சோதனைகளுக்கு வரும்.

படி 1: முட்டையிட வைத்தல்

சில நாள் முன்னதாகப் பிஎம்எஸ்ஜி ஹார்மோன் ஊசி போடுங்கள். சோதனைக்கு முந்தைய இரவு ஹெச்சிஜி ஊசி. மனிதக் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் இது. ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்கே இந்தத் தவளைகளைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தவளையையும் தனித் தொட்டியில், உப்புக் கரைசலில், 16 முதல் 18 டிகிரியில் விடுங்கள்.

படி 2: முட்டை பொறுக்குதல்

மற்றப் படிகளைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். நல்ல முட்டையில் கரும்பாதியும் வெளிர்பாதியும் தெளிவாகப் பிரிந்திருக்கும். வெளுத்து உப்பியவை, நூல்போல் கோத்து வந்தவை, திட்டுத்திட்டாக நிறம் கலைந்தவை எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு தொட்டியில் கெட்டவை மிகுந்திருந்தால் தொட்டியையே ஒதுக்குங்கள். இரு தவளைகளின் முட்டைகளைக் கலக்காதீர்கள்.

படி 3: கூழுறை நீக்குதல்

புதிதாகக் கரைத்த 2 சதவீத சிஸ்டீன், பிஹெச் 7.8. முட்டைகளை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். உறை கரைந்ததும் முட்டைகள் இடைவெளியின்றி நெருங்கிப் படியும். உடனே பலமுறை கழுவுங்கள். கடைசிக் கழுவலில் இஜிடிஏ இருக்க வேண்டும். இந்த முட்டைகள் பிரிவின் நடுக்கட்டத்தில் நின்று விந்தணுவுக்காகக் காத்திருப்பவை. கால்சியம்தான் அவற்றை எழுப்பும் அடையாளம். இஜிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்து, முட்டை முன்கூட்டியே விழிக்காமல் காக்கிறது.

படி 4: நசுக்குதல்

முட்டைகளைக் குழாயில் இட்டு, சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்கும் கரைசலை முழுவதும் உறிஞ்சிவிடுங்கள்; சாறு நீர்த்துப்போனால் சுழற்சி நின்றுவிடும். பிறகு 10,000 ஜி விசையில் 15 நிமிடம். முட்டைகள் உடைந்து மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே மஞ்சள் கொழுப்பு, நடுவே சாறு, அடியில் மஞ்சள்கருவும் நிறமியும். குழாயின் பக்கத்தில் ஊசி குத்தி நடு அடுக்கை மட்டும் மெதுவாக இழுங்கள். சைட்டோகலாசின், புரதச் சிதைவுத் தடுப்பான்கள், ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் சேர்த்து ஐஸில் வையுங்கள். சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

படி 5: நான்கு குழாய்கள்

எல்லாவற்றிலும் விந்தணு உட்கருக்கள் சேர்த்து, அறை வெப்பத்தில் வையுங்கள்.

முதல் குழாய்: 0.4 மில்லிமோலார் கால்சியம். பிரிவைத் தூண்டும் புரதமான சைக்ளின் பி சிதைந்து, சாறு இடைக்கட்டத்துக்கு வரும். உட்கரு உருண்டு, சவ்வு கட்டி, டிஎன்ஏ இரட்டிக்கும். புதிய சைக்ளின் சேர்ந்ததும் குரோமோசோம்கள் மீண்டும் சுருளும்.

இரண்டாவது: கால்சியம் இல்லை. குரோமோசோம்கள் சுருண்டபடியே நிற்க வேண்டும். கலைந்தால் உங்கள் சாறு ஏற்கெனவே விழித்துவிட்டது.

மூன்றாவது: கால்சியத்துடன் சைக்ளோஹெக்ஸிமைடு. புரத உற்பத்தி நிற்பதால் சைக்ளின் வராது. டிஎன்ஏ ஒருமுறை இரட்டித்து அங்கேயே நிற்கும். பிரிவைக் கடக்காமல் இரண்டாம் முறை இரட்டிப்பதில்லை என்பதைப் ஆய்வாளர்கள் பிளோவும் லாஸ்கியும் 1988இல் இத்தகைய சாற்றில்தான் காட்டினார்கள்.

நான்காவது: கால்சியத்துடன் அஃபிடிகோலின். இரட்டிப்பு தடைபடும். உட்கருக்கள் குறைவாக இருந்தால் சாறு அதைப் பொருட்படுத்தாமல் பிரிவுக்குள் போய்விடும். நிறைய இருந்தால் நின்றுவிடும். தடையை உணரும் ஆற்றல் சாற்றில் உண்டு; ஆனால் டிஎன்ஏவின் அளவு போதுமானதாக இருந்தால்தான் அது வெளிப்படும். பிளவுகள் பெருகி, ஒரே அளவு சைட்டோபிளாசத்தில் உட்கருக்கள் நிறைந்த பிறகே கரு வேகம் குறைக்கிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: பார்த்தல்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மைக்ரோலிட்டர் எடுத்து, ஃபார்மால்டிஹைடும் ஹோக்ஸ்ட் சாயமும் கலந்த துளியில் இட்டு, ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் பாருங்கள். இரட்டிப்பை நேரடியாக அறிய, தொடக்கத்திலேயே ஒளிரும் டியூடிபி சேர்க்கலாம். வடிவத்தை வைத்து மட்டும் டிஎன்ஏ இரட்டித்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரட்டிப்பு தடைபட்ட உட்கருவும் உருண்டையாகத்தான் தெரியும்.

1989இல் ஆய்வாளர்கள் முர்ரேயும் கிர்ஷ்னரும் சாற்றிலிருந்த ஆர்என்ஏவை அழித்துவிட்டு, சைக்ளினுக்கான ஆர்என்ஏவை மட்டும் சேர்த்தபோது சுழற்சி மீண்டும் ஓடியது. அவ்வளவு துல்லியமான கேள்வியை இந்தச் சாற்றிடம் கேட்க முடியும். ஆனால் முதல் இரண்டு குழாய்களும் சரியாக நடந்துகொண்டால்தான் மற்றவை சொல்வதற்கு மதிப்பு. அவை தவறிய நாளின் முடிவுகளை நோட்டில் குறித்து வையுங்கள். அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.