கதிரவனைச் சுற்றிவந்த ஹாலி

ஏப்ரல் மாதத்தில் பாண்டுப் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் வெறுங்காலுடன் நின்றதுண்டா? முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் கதிரவன் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பதினொரு மணிக்குக் கால் பொறுக்கும் தரை, இரண்டு மணிக்குச் சுடுகிறது. வெப்பம் தளத்தினுள் இறங்கச் சிறிது காலம் வேண்டும். வால்மீனிலும் இதனையொத்த ஒன்று நிகழ்கிறது.

வால்மீனின் உட்கரு, பனியும் தூசியும் கலந்த கட்டி. அது கதிரவனை நெருங்குகையில், பூசையறைக் கற்பூரம் உருகாமலே கரைவதுபோல, பனி நீராகாமல் நேரே ஆவியாகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். வெளியேறும் ஆவி தூசியையும் அள்ளிச் செல்வதால் தலையும் வாலும் தோன்றுகின்றன.

ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஹாலி, 1986 பிப்ரவரி 9 அன்று கதிரவனுக்கு மிக அருகில் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், சனவரி 6 அன்று, தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்டவர் வைணு பாப்பு. மாணவராக இருந்தபோதே, 1949இல், ஒரு வால்மீனைக் கண்டறிந்தோருள் அவரும் ஒருவர். ஆனால் 1982இலேயே மறைந்துவிட்டார். தம் தொலைநோக்கியையும் காணவில்லை, ஹாலியையும் காணவில்லை. காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மிக அண்மையில் வந்த அந்நாள்களில் ஹாலியைப் புவியிலிருந்து காண இயலவில்லை. கதிரவனுக்கு ஒருபுறம் நாம், மறுபுறம் அது! வெள்ளிக் கோளைச் சுற்றிக்கொண்டிருந்த பயனியர் வீனஸ் விண்கலம் அப்போது அதனை நோக்கியது. மார்ச்சு மாதத்தில் ஹாலி மீண்டும் விடியல் வானில் தோன்றியது. தெற்கே தாழ்ந்து தோன்றியதால், ஐரோப்பியரைவிடக் காவலூரார்க்கு அது வாய்ப்பாக அமைந்தது.

இரு காலத்து அளவுகளையும் ஒப்பிட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. கதிரவனிடமிருந்து அதே தொலைவில், வரும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது ஹாலி மிகுந்த ஒளியுடன் விளங்கியது. ஏன்?

மார்ச்சு 14 அன்று ஜியோட்டோ விண்கலம் சுமார் 600 கிலோமீட்டர் அருகே சென்று உட்கருவைப் படமெடுத்தது. வெண்பனி உருண்டையை எதிர்பார்த்தோர் கண்டது கரியினும் கரிய மேலோட்டை. வெயில் பட்ட பக்கத்தில், சில இடங்களில் மட்டும் ஆவி பீறிட்டது. அவ்வோட்டைக் கடந்து வெப்பம் உள்ளே செல்லக் காலம் பிடிக்கிறது. உட்கரு சாய்ந்து சுழல்வதால், அதன் வெவ்வேறு பகுதிகளுக்குக் கோடை வரும் காலமும் வேறுபடுகிறது. பின்னர் ரொசெட்டா விண்கலம் உடன் சென்று ஆராய்ந்த வால்மீனும், 2015 ஆகஸ்டு 13 அன்று கதிரவனை நெருங்கி, ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே மிகுதியாகப் பொங்கியது.

பயிற்சி

1. மொட்டைமாடித் தரைக்கும் வால்மீனின் உட்கருவிற்கும் உள்ள ஒப்புமை யாது?
2. கதிரவனை நெருங்குமுன் எடுத்த அளவுகள் மட்டும் கிடைத்திருப்பின், ஹாலியைப் பற்றி எதனை அறியாதிருப்போம்?
3. ஒரே அளவுள்ள இரு கற்பூரத் துண்டுகளை வெயிலிலும் நிழலிலும் வைத்து, அவை கரையும் நேரத்தைக் குறித்து வருக.
4. ஹாலி மீண்டும் 2061இல் வரும். அப்பொழுது உமக்கு வயது என்ன?