கேபின் தூக்குகிற நாள்

பழைய லாரியின் கேபினைச் சேஸிலிருந்து பிரித்துத் தூக்குவது என்றால், அந்தரத்தில் தொங்குகிற நேரம்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவை அல்ல. கழற்ற விட்டுப்போன ஏதோ ஒரு பைப்பாலும், போல்ட் ஓட்டை நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க உள்ளே விட்ட விரலாலும் வந்தவை. கிளம்புகிற முதல் அங்குலமும் உட்காருகிற கடைசி அங்குலமும்தான் ஆளைப் பிடிக்கும். அதனால் நான் கவனமெல்லாம் அந்த இரண்டு இடத்தில்தான் வைப்பேன்.

முதலில் கேபின் எதனால் ஆனது என்று பாருங்கள். நம் ஊரில் வெகுகாலம் வண்டி வெறும் சேஸாக, முகப்புத் தகடோடுதான் வந்தது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் மரச்சட்டம் கோத்து, மேலே தகடு போர்த்திக் கேபின் கட்டினார்கள். அப்படிக் கட்டிய கேபினில் கதவுத் தூண் தரையைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் நின்று மரம் இற்றிருக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அப்படியே தூக்கக் கூடாது. கதவுகளைக் கழற்றிவிட்டு, திறப்பின் குறுக்கே எக்ஸ் வடிவில் இரும்பு ஆங்கிளை முடுக்குங்கள். முழு இரும்புக் கேபினில் அடித்தகடு துருவில் போயிருந்தால் அதே ஆங்கிளை வெல்டிங் வைக்கலாம். இந்தத் தாங்கல் இல்லாமல் தூக்கினால் தூண்கள் நகர்ந்துவிடும். பிறகு எத்தனை முறை கீல் மாற்றினாலும் கதவு சாத்தாது. முன் கண்ணாடியையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். கேபின் சற்று முறுக்கிக்கொண்டாலே விரிசல் விடும்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் சேஸில் பட்டால் பொறி பறக்காமல் இருக்க அதுதான் வழி. அடுத்தது காற்று. ஏர் டேங்கின் அடித்திருகைத் திறந்து, மீட்டர் முள் கீழே வந்த பிறகு பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து மிச்சத்தையும் விடுங்கள். அழுத்தம் நிற்கிற பைப்பின் நட்டைத் தளர்த்தினால் பைப் சாட்டை போலச் சுழன்று முகத்தில் அடிக்கும். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி என்றால் காற்று போனதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சேஸை உருட்டப் போகிறீர்களானால் அதை விடுவிக்கும் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் காற்றை இறக்க வேண்டும். அந்த போல்ட்டைத் திருகும் முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டாயிற்றா என்பதுதான் என் முதல் கேள்வி.

பிறகு பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவேன்: கிளட்ச், ஆக்சிலேட்டர் ராடு, ஸ்டாப் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், பிரேக் வால்வு பைப்புகள், ஏர் மீட்டர் பைப், ஆயில் மீட்டர் பைப், வயரிங், எர்த் வயர், ஸ்டீயரிங், கியர் லீவர். கழற்றியவரே அதற்கு நேரே கோடு போட வேண்டும். இன்னொருவர் சொல்லிப் போடக் கூடாது. அதிகம் மறந்துபோவது ஆயில் மீட்டர் பைப். டாடா 1210 மாதிரிப் பழைய வண்டிகளில் இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுவரை வரும். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். கேபின் கிளம்பும்போது சத்தமில்லாமல் வளைந்து விரிசல் விடும். வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் செய்த பிறகுதான் சூடான இன்ஜின் மேல் ஆயில் பீச்சுவது தெரியும்.

வயர்களின் நிறம் பழைய வண்டியில் எல்லாம் ஒரே அழுக்கு. ஒவ்வொரு முனைக்கும் டேப் சுற்றி எண் போடுங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கியர் லீவரைக் கழற்றிய ஓட்டையில் துணி அடைத்தாக வேண்டும். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

ஸ்டீயரிங்கில் யுஜே ஜாயின்ட் இருந்தால், பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் பஞ்ச் அடித்துக் குறி வையுங்கள். சில பழைய வண்டிகளில் பெட்டியிலிருந்து வளையம்வரை ஒரே தண்டுதான். அங்கே வளையத்தைக் கழற்றி, டேஷ்போர்டு கிளாம்பை விட்டு, தண்டின் சாய்வுக்கு ஏற்ற திசையில் கேபினைக் கிளப்ப வேண்டும். நேர் மேலே இழுத்தால் தண்டு வளையும்.

தூக்குகிற விஷயத்துக்கு வருவோம். ஷெட்டின் கூரைச் சட்டத்தில் செயின் பிளாக்கை மாட்டுவதை நான் எங்கேயும் அனுமதிப்பதில்லை. கூரை தாங்கச் செய்த சட்டம் அது. தரையில் கால் ஊன்றிய இரும்புப் போர்ட்டல், இல்லையென்றால் ஹைட்ரா கிரேன். கேபினின் கூரை விளிம்பிலோ ஜன்னல் வழியாகவோ பெல்ட் போடக் கூடாது. முன்னாலும் பின்னாலும் தரைக் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் சேனல் இரும்பு நுழைத்து, நான்கு முனையிலும் பெல்ட் மாட்டி, மேலே ஓர் அகலப் பீமில் சேர்க்க வேண்டும். பீம் இல்லாமல் ஒரே கொக்கியில் எல்லாவற்றையும் குவித்தால் பெல்ட் பக்கத் தகட்டை நசுக்கும். பெல்ட்டுக்கும் சுமை கூடும். 600 கிலோவைப் பெல்ட்டின் இரண்டு நேர்க்கால்கள் தாங்கினால் காலுக்கு 300 கிலோ. கால்களுக்கு இடையே 60 டிகிரி விரிந்தால் அதுவே ஏறக்குறைய 346. 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 600 கிலோவைச் சுமக்கிறது. "பெல்ட் ஒரு டன்னு அண்ணே, தாங்கும்" என்று பையன்கள் சொல்லும்போது இந்தக் கணக்கைத் தரையில் வரைந்து காட்டுவேன்.

ஓர் அங்குலம் கிளப்பி நிறுத்துங்கள். அப்போது யாரும் பேசக் கூடாது. நான் சுற்றிவந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன்: எது இழுபடுகிறது, எந்த மூலை பிந்துகிறது. டேஷ்போர்டும் முகப்பும் இருக்கிற முன்பக்கம் கனமாக இருக்கும். பின்பக்கம் முதலில் எழும். இறக்கி, பெல்ட்டை மாற்றிப் போடச் சோம்பல் படாதீர்கள். நேரான பிறகு, கேபினை நகர்த்தாமல் சேஸை அடியிலிருந்து உருட்டி எடுப்பதே நல்லது. தொங்கும் பொருளைக் கொண்டு நடந்தால் ஆடும். இரண்டு மூலையில் கயிறு கட்டித் தூர நின்று பிடியுங்கள். கையால் தொட்டுப் பிடிக்க வேண்டாம். பிறகு ஸ்லீப்பர் கட்டை அடுக்கின் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல.

"உள்ளே பூந்து பாரு தம்பி" என்று சிறு பையனைத் தொங்கும் கேபினுக்கு அடியில் அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. உடம்பு சின்னது என்பதற்காக அவனை அனுப்புகிறார்கள். பார்க்க வேண்டியது இருந்தால் கேபினை முதலில் கட்டையில் உட்கார வையுங்கள், பிறகு யாரும் போகலாம். ஹைட்ரா டிரைவருக்குச் சைகை காட்டுபவர் ஒருவர்தான். "நிறுத்து" மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

கேபின் இல்லாத சேஸைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும்போது, லாங் மெம்பரில் பொறித்திருக்கும் சேஸ் நம்பர் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். எப்.சி.யில் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் பெரும்பாடு. அங்கே கிரீஸ் தடவிக் காகிதம் ஒட்டி மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கேபினின் வடிவத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

திரும்ப ஏற்றும்போது பழைய ரப்பர் புஷ்ஷைப் போடாதீர்கள். புதியதன் நடுவே வரும் இரும்புக் குழலின் நீளத்தைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். நட்டு அந்தக் குழலில் போய் நிற்க வேண்டும். குழல் குட்டையானால் ரப்பர் நசுங்கி, இன்ஜின் அதிர்வு முழுவதும் கேபினுக்கு வரும். போல்ட் ஓட்டைகளை நேராக்கக் கூர்மையான கம்பியோ நீளமான பஞ்ச் கருவியோ மட்டும். விரலை ஒருபோதும் விடக் கூடாது. கேபின் சற்று நகர்ந்தாலும் அந்த ஓட்டை கத்தரிக்கோல் ஆகிவிடும். எல்லா போல்ட்டையும் கையால் சில மரை ஏற்றிய பிறகே ஏதாவது ஒன்றை முடுக்குங்கள். கடைசி முடுக்குக்கு முன் கதவுகளை மாட்டிச் சாத்திப் பாருங்கள். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒத்துவராவிட்டால், தூண் பக்க மவுண்ட்டில் தகடு வைத்துச் சரிசெய்ய இதுதான் நேரம்.

எர்த் வயரைச் சுரண்டிய இரும்பில் முடுக்குங்கள், பெயிண்ட் மேல் அல்ல. அது சரியாக இல்லாவிட்டால் கேபினின் மின்சாரம் ஸ்டாப் கேபிள், ஆக்சிலேட்டர் ராடு வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறும், விளக்கு மங்கும், மெக்கானிக் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார். காற்று நிரம்பியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, எங்கும் உரசாததைப் பார்த்த பிறகே வண்டி முற்றத்தை விட்டுப் போகலாம்.

புதிய ரப்பர் லோடு ஏற்றி ஓடிய பிறகுதான் உட்காரும். ஒரு நடை போய்வந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, எல்லா மவுண்ட் நட்டையும் மறுபடி முடுக்கிக் கொடுங்கள். அந்த நடையில் பள்ளத்தில் இறங்கும்போது கேபின் அடியில் "டக்" என்று சத்தம் கேட்டதா, எந்தப் பக்கம் கேட்டது என்று டிரைவரிடம் விசாரித்துவிட்டு அந்தப் பக்கத்து மவுண்ட்டிலிருந்து தொடங்குங்கள்.