வணிகரும் தோள் மூட்டும்

நம் தொழிலில் அதிகம் உழைக்கும் உறுப்பு எது என்று கேட்டால் வாய்தான் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும். அடியேன் தோள் என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் குமராட்சியில் ஒரு நாள் காலை கடை ஷட்டரைத் தூக்கப் போனேன். வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. வாய்வுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்து, கையை அசைக்காமலே நான்கு மாதம் ஓட்டினேன். அதனால் விளைந்த நஷ்டத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மூட்டின் அமைப்பைப் பார்ப்போம்.

தோளில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. முதுகுப் பக்கம் முக்கோணத் தகடு போன்ற தோள்பட்டை எலும்பு, முன்பக்கம் கழுத்தடியில் காறை எலும்பு, மூன்றாவது மேற்கை எலும்பு. மேற்கை எலும்பின் தலை பந்து போல் உருண்டையானது. இடுப்பு மூட்டில் இதுபோன்ற பந்து ஆழமான கிண்ணத்துக்குள் பாதிக்கு மேல் அடங்கிவிடும். தோளிலோ கிண்ணம் மிகவும் ஆழமற்றது. தராசுத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தது போலத்தான். பந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒரு சமயத்தில் கிண்ணத்தைத் தொடும். கை எல்லாப் பக்கமும் சுழல்வது இதனால்தான். பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள் மூட்டாக இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் பந்தை இடத்தில் பிடித்து வைப்பது எது? தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பற்றியிருக்கும் நான்கு சிறு தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். இவற்றில் மேலே உள்ள தசையின் நாண், தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற நுனிக்கு அடியில் ஒரு குறுகிய சந்து வழியாகச் செல்கிறது. கையைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கினால் நாண் அந்தச் சந்தில் உராயும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் மட்டும், அதாவது 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் வலித்தால் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு.

கையை முழுதாக மேலே தூக்க 180 பாகை வேண்டும். அதில் சுமார் 120 பாகையைப் பந்து மூட்டு தருகிறது. மீதி 60 பாகைக்குத் தோள்பட்டை எலும்பே விலாவின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. கடைப் பையன் கையைத் தூக்கும்போது அவன் முதுகில் கை வைத்துப் பாருங்கள், எலும்பு நகர்வது தெரியும். சிதம்பரம் கோயில் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். மார்புக்குக் குறுக்கே வீசிய கை, தலைக்கு மேல் உயர்ந்த கை எல்லாமே இந்த இரண்டு அசைவுகளின் கூட்டுத்தான்.

இனி நம் கணக்குக்கு வருவோம். பழைய தூக்குக்கோலில் சிறிய குண்டு பெரிய சரக்கைச் சமன் செய்வதை அறிவோம், கோலின் நீளம்தான் காரணம். தோளில் அது தலைகீழ். கையை நேராக நீட்டினால் உள்ளங்கை தோளிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டரில் இருக்கும். தூக்கும் தசை இழுப்பதோ 3 சென்டிமீட்டர் அளவில். ஆகவே நீட்டிய கையில் 2 கிலோ சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் தசைக்கு ஏறக்குறைய 40 கிலோ பாரம், கையின் சொந்த எடை வேறு! முழங்கையை மடக்கிப் பொட்டலத்தை உடம்போடு அணைத்துக்கொண்டால் இந்தப் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அன்றாடம் விற்கும் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவை இடுப்புக்கும் மார்புக்கும் இடையிலான தட்டுகளில் இருக்கட்டும். அப்பளக் கட்டு, தீப்பெட்டிப் பண்டல் போன்றவை மேலே போகலாம். 15 கிலோ எண்ணெய் டின்னைப் பரணில் ஏற்றுவது வீண் வேலை. நம் முன்னோர் காலத்தில் 100 கிலோ மூட்டை சர்வசாதாரணம். ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ சிப்பம் நம் கடைகளுக்கு வந்தது. வரிக்காகக் கூடிய அந்த ஒரு கிலோவையும் தோள்தான் சுமக்கிறது. தலைக்கு மேல் அட்டி போடும்போது இரண்டு பேராகப் பிடியுங்கள். லோடுமேன்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் தோளும் தோள்தானே.

இப்போது என் கதை. எனக்கு வந்தது 'உறைந்த தோள்'. மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடும் நோய் இது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு. எனக்குச் சர்க்கரை இருப்பதே இதற்குப் பரிசோதிக்கப் போனபோதுதான் தெரிந்தது. கையை அசைக்காமல் வைத்தது இறுக்கத்தை மேலும் கூட்டிவிட்டது. தானாகச் சரியாக ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு மூன்றாண்டுகள்கூட ஆகும். கல்லா மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கடிகார ஊசல் போல ஆட்டினேன். சுவரில் விரல்களால் மெல்ல ஏறினேன். இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போகவில்லை.

நாண் கிழிந்ததா, தோள் உறைந்ததா என்பதை ஓரளவு நாமே ஊகிக்கலாம். நீங்கள் தூக்க முடியாத கையை மற்றவர் பிடித்துத் தூக்கினால் உயர்கிறது என்றால் நாண் கிழிந்திருக்கலாம். அவர் தூக்கியும் உயரவில்லை, வெளிப்பக்கம் திருப்பவும் வரவில்லை என்றால் உறைந்திருக்கலாம். எதுவானாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று 1985-இல் தொடங்கி, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் அண்ணாமலைநகர் மருத்துவமனை நமக்குப் பக்கம்தான்.

ஒன்றை மட்டும் தோள் வலி என்று தள்ளிவிடாதீர்கள். கையை அசைக்காதபோதும் தோளிலோ இடது கையிலோ தாடையிலோ வலி பரவி, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். கல்லாவை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு உடனே 108-க்குச் சொல்லுங்கள்.