தாத்தாவின் வீடியோ

திருமுல்கேரி, செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியில் இருக்கிறது. பக்கத்தில் ஹைதராபாத் நகரம். செகந்திராபாத், பிரிட்டிஷ் படை தங்குவதற்காக வளர்ந்த ஊர். 1806-ல் இந்தப் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் சென்னைப் பட்டாளத்தோடு தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்தன. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கடைத்தெருவில் தெலுங்கும் இந்தியும் பேசுகிறார்கள்.

அப்படி ஒரு வீடு. அந்த வீட்டில் பாட்டி, மகன், மருமகள், பேரன் என நான்கு பேர். மகன் லாரி ஓட்டுகிறார். மருமகள் ஆம்பூரிலிருந்து வந்தவர். பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பாட்டி சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. மருமகள்தான் பாட்டிக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். இப்போது பாட்டி எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

பாட்டியின் ஆசை

மறுநாள் தாத்தாவின் திதி. மகன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். காலையில்தான் வருவார்.

"நாளைக்கு அவர் பேசறதை எல்லாரும் கேட்கணும்மா. அந்த வீடியோவைப் போட்டுக் காட்டு" என்றார் பாட்டி.

அது தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த வீடியோ. விருந்துக்கு வந்தவர்களுக்குத் தாத்தா நன்றி சொல்லிப் பேசுவார். இரண்டே நிமிடம்தான். ஆனால் தாத்தாவின் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. வீடியோ இருந்த சி.டி.யில் கீறல் விழுந்துவிட்டது. நல்ல வேளையாக, மருமகள் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்.

பேரன் கம்ப்யூட்டரைப் போட்டான். வீடியோவின் மேல் மவுஸை இரண்டு முறை அழுத்தினான். ஒரு சிறு வட்டம் சுற்றியது. பிறகு அது மறைந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் வட்டம் சுற்றி மறைந்தது. நான்கைந்து முறை அழுத்தினான். ஒன்றும் திறக்கவில்லை.

"போச்சா? அவர் குரல் போச்சா?" என்றார் பாட்டி. அவர் முகம் வாடியது.

இரண்டு யோசனைகள்

மருமகள் ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தார்.

"பார்மட் பண்ணினா சரியாயிடும்" என்றார் கடைக்காரர்.

"பார்மட்னா உள்ளே இருக்கறது என்ன ஆகும்?"

"எல்லாம் அழிஞ்சு புதுசா ஆயிடும்."

மருமகள் போனை வைத்துவிட்டார்.

பேரன் செல்போனில் தேடி ஒரு நம்பரைக் கண்டுபிடித்தான். அந்த நம்பருக்குப் பேசினான். மறுமுனையில் ஒருவர் அன்பாகப் பேசினார்.

"ஒரு ஆப் அனுப்புறேன் தம்பி. அதைப் போட்டுட்டு, அதில் வர்ற எண்ணைச் சொல்லுங்க. இங்கிருந்தே சரி பண்றேன். பத்து ரூபா மட்டும் அனுப்புங்க."

மருமகள் சட்டென்று போனை வாங்கி, பேச்சை நிறுத்தினார். "முகம் தெரியாதவங்க நம்ம வீட்டுப் பெட்டியை எதுக்குத் திறந்து பார்க்கணும்?" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

டேப்பும் கேசட்டும்

பக்கத்து வீட்டில் சுபேதார் ஐயா இருந்தார். அவர் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் பிரிவு அது. அதன் பெரிய கல்லூரி செகந்திராபாத்தில்தான் இருக்கிறது.

சுபேதார் ஐயா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அந்தக் காலத்தில் உங்க வீட்டில் டேப்ரிக்கார்டர் இருந்துச்சு இல்லையா? அது ஓடலைன்னா கேசட்டைத் தூக்கிக் குப்பையில் போடுவீங்களா?"

"அதெப்படி? டேப்பைத்தான் சரி பண்ணுவோம்."

"இங்கேயும் அதேதான். வீடியோ ஒரு கேசட் மாதிரி. அதை ஓட்டுற புரோகிராம் டேப்ரிக்கார்டர் மாதிரி. ரெண்டும் வேற வேற. இப்போ டேப் ஓடலை. கேசட் இருக்கான்னு பார்ப்போம்."

பேரன் வீடியோக்கள் இருந்த போல்டரைத் திறந்தான். பைல்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பல பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. மருமகள் முன்பு வைத்த பெயர் அது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரைக்கு அருகில் வந்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்-பா... அ-று-ப-து. அப்பா அறுபது! இதோ இருக்கே!"

பாட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் வேலை நகல்

"இனி என்ன செய்தாலும், அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு" என்றார் சுபேதார் ஐயா. "ஒரு பென் டிரைவ் கொண்டு வா தம்பி."

பேரன் வீடியோவைப் பென் டிரைவில் நகல் எடுத்தான். இப்போது வீடியோ இரண்டு இடங்களில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன ஆனாலும் தாத்தாவின் குரல் போகாது.

"பழுது பார்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. சுலபமானதை முதல்ல செய்யணும். கஷ்டமானதைக் கடைசியில் செய்யணும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாத்தணும். அப்போதான் எதனால சரியாச்சுன்னு தெரியும்" என்றார் அவர். பிறகு பேரனைக் கேட்டார்: "இந்தப் புரோகிராம் கடைசியா எப்போ ஓடிச்சு?"

"நேத்து சாயங்காலம். சினிமா பார்த்துட்டு இருந்தேன். மழை வந்துச்சு. கரண்டு போயிடுச்சு."

"சரி. அதை மனசில் வச்சுக்கோ."

ஒவ்வொரு படியாக

முதல் படி. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் பேரன் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் வந்தது. கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் ஓடுகிற புரோகிராம்களை அது காட்டும். அதில் வி.எல்.சி. என்ற பெயர் நான்கு முறை இருந்தது. வீடியோவை ஓட்டும் புரோகிராம் அதுதான். அவன் அழுத்திய ஒவ்வொரு முறையும் அது பாதி திறந்து, உள்ளேயே நின்றுவிட்டது. நான்கையும் எண்ட் டாஸ்க் என்ற பொத்தானால் மூடினான். மறுபடியும் திறந்து பார்த்தான். திறக்கவில்லை.

இரண்டாம் படி. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தான். "ஆப் பண்ணி மறுபடியும் போட்டாலே போதாதா?" என்று மருமகள் கேட்டார். புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது போதாது. சீக்கிரம் திறப்பதற்காக அவை பழைய நிலையில் ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ரீஸ்டார்ட் ஆனது. அப்போதும் வி.எல்.சி. திறக்கவில்லை.

மூன்றாம் படி. கம்ப்யூட்டரில் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்தான். இடம் நிறைந்துவிட்டாலும் புரோகிராம்கள் மக்கர் செய்யும். இங்கே இடம் போதுமான அளவு இருந்தது.

நான்காம் படி. வீடியோவைத் தொடாமல், வி.எல்.சி.யை மட்டும் தனியாகத் திறந்தான். இது முக்கியமான சோதனை. புரோகிராம் தனியாகத் திறந்தால், குறை வீடியோவில் இருக்கலாம். தனியாகவும் திறக்காவிட்டால், குறை புரோகிராமில்தான். அது திறக்கவில்லை.

ஐந்தாம் படி. அதே வீடியோவை வேறொரு புரோகிராமில் போட்டான். விண்டோஸோடு சேர்ந்து வரும் மீடியா பிளேயர் அது. படம் ஓடியது! பந்தல், மாலை, தாத்தா, பாட்டி எல்லாம் தெரிந்தன. தாத்தாவின் வாய் அசைந்தது. ஆனால் குரல் வரவில்லை.

"சத்தம் காணோமே" என்றார் பாட்டி.

"பயப்படாதீங்கம்மா. வீடியோவையும் ஒலியையும் பல விதமாச் சுருக்கி வைக்கிறாங்க. ஒவ்வொரு புரோகிராமுக்கும் சில விதங்கள்தான் தெரியும். தெலுங்கு தெரியாதவர் கையில் தெலுங்குக் கடிதம் கொடுத்த மாதிரிதான் இது. கடிதம் நல்லாத்தான் இருக்கு. படிக்கத் தெரிஞ்சவர் வேணும். வி.எல்.சி.க்குப் பல விதமும் தெரியும். அதைத்தான் எழுப்பணும்."

ஆறாம் படி. ஒவ்வொரு புரோகிராமும் சில குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ளும். சத்தம் எவ்வளவு, ஜன்னல் எவ்வளவு பெரியது என்பது போன்ற குறிப்புகள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அந்தக் குறிப்புகள் பாதியில் நின்று கெட்டுப்போகலாம். கெட்ட குறிப்பைப் படித்துப் புரோகிராம் திறக்க முடியாமல் திணறும். முதல் நாள் கரண்டு போனது பேரனுக்கு நினைவு வந்தது.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான். வீடியோலேன் என்ற போல்டரைத் திறந்தான். அதில் ரீசெட் என்ற சொல் உள்ள ஒரு வரி இருந்தது. அதை அழுத்தினான். பழைய குறிப்புகள் அழிந்தன. வீடியோக்கள் எதுவும் அழியவில்லை.

பிறகு வி.எல்.சி.யைத் திறந்தான். ஆரஞ்சு நிறக் கூம்பு திரையில் வந்து நின்றது.

கூம்பின் கதை

சாலையில் வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் கூம்புதான் வி.எல்.சி.யின் அடையாளம். பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். அந்த மாணவர்கள் சாலைக் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதுவே அடையாளம் ஆனது. 2001 முதல் இது எல்லோருக்கும் பொதுவானது. யாரும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம்.

"ரீசெட் செய்தும் திறக்கலைன்னா?" என்று பேரன் கேட்டான்.

"புரோகிராமை நீக்கிட்டு மறுபடியும் போடணும். அப்பவும் வீடியோ அழியாது. ஆனா எங்கிருந்து எடுக்கிறோம்னு பார்க்கணும். வீடியோலேன் அமைப்போட சொந்த இணையதளத்திலிருந்துதான் எடுக்கணும்."

2022 பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை அந்த இணையதளம் இந்தியாவில் தடுக்கப்பட்டிருந்தது. பிறகு தடை நீங்கியது. அப்போதும், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த வி.எல்.சி. வழக்கம்போல் ஓடியது. இது போன்ற நேரத்தில் சிலர் அவசரப்பட்டுக் கண்ட இடத்திலிருந்து புரோகிராமை எடுப்பார்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

மருமகள் போனில் பேசிய ஆளைப் பற்றிச் சொன்னார்.

"நல்ல வேளை, நிறுத்தினீங்க" என்றார் சுபேதார் ஐயா. "இலவசப் புரோகிராமுக்கு எதுக்குப் பணம்? அந்த ஆப்பைப் போட்டு எண்ணைச் சொல்லியிருந்தா, நம்ம திரையை அவன் பார்ப்பான். பத்து ரூபா அனுப்பும்போது ரகசிய எண்ணையும் பார்ப்பான். பேங்குப் பணம் முழுக்கப் போயிருக்கும்."

அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது இந்தியா முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

தாத்தா பேசினார்

பேரன் 'அப்பா அறுபது' என்ற பெயரின் மேல் அழுத்தினான். இந்த முறை படமும் வந்தது. குரலும் வந்தது.

"யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது" என்றார் தாத்தா.

பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பவும் சாப்பாட்டு நினைப்புதான்" என்று சிரித்தார்.

பிறகு பாட்டி ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். பேனாவால் மெல்ல எழுதினார். 'தாத்தா குரல். அழிக்காதே.' அதைப் பென் டிரைவோடு நூலால் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. புரோகிராம் வேறு, வீடியோ வேறு. புரோகிராம் திறக்காவிட்டால் வீடியோ போய்விட்டது என்று பொருள் இல்லை.
2. பழுது பார்க்கும் முன் நகல் எடுக்க வேண்டும். முக்கியமானவை எப்போதும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும்.
3. திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.
4. சுலபமானதை முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.
5. பார்மட் கடைசி வழி. நகல் எடுக்காமல் அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.
6. முகம் தெரியாதவர் சொல்லும் ஆப்பைப் போடக் கூடாது. எந்த ரகசிய எண்ணையும் சொல்லக் கூடாது.

கேள்விகள்

1. வீடியோ அழியவில்லை என்று பாட்டிக்கு எப்படித் தெரிந்தது?
2. சுபேதார் ஐயா முதலில் செய்யச் சொன்ன வேலை என்ன? ஏன்?
3. மீடியா பிளேயரில் படம் வந்தது, குரல் வரவில்லை. காரணம் என்ன?
4. 1930 என்ற எண் எதற்கு உதவும்?
5. உங்கள் வீட்டில் அழியக் கூடாத படம், குரல் எவை? அவை எத்தனை இடங்களில் இருக்கின்றன? எழுதுங்கள்.