பழைய பிக்கப்புக்கு எந்த ஆர்பிஎம் மீட்டர்?

ஆர்பிஎம் மீட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் டயலைத்தான் பார்க்கிறார்கள். கறுப்பு முகமா, வெள்ளை முகமா, இரவில் நீலமாக எரியுமா, சிவப்பாக எரியுமா என்று கேட்கிறார்கள். எங்கள் பழைய டாடா 207-க்கு நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். நாமக்கல்லில் ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நான்கு ஒயர் தொங்கியது. பச்சை ஒயரை மட்டும் விரலில் தூக்கிக் காட்டினார்.

"இது காயிலுக்குப் போற ஒயருங்க தம்பி. உங்க வண்டில காயில் எங்க இருக்கு?"

டீசல் வண்டியில் காயில் இல்லை. பெட்ரோல் இஞ்சினில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் இக்னிஷன் காயிலில் ஒரு துடிப்பு எழும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. மீட்டர் அதை எண்ணி முள்ளை நகர்த்துகிறது. டீசலில் எரிபொருள் அழுத்தச் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்கிறது. தீப்பொறியே இல்லாத இடத்தில் அந்த மீட்டர் எதை எண்ணும்? 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டு விற்பவற்றில் பல, பெட்ரோல் வண்டிக்கு மட்டுமே ஆனவை. சேலம், நாமக்கல் பக்கம் ஓடும் பழைய பிக்கப்புகளோ பெரும்பாலும் டீசல். ஆகவே முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சுற்றை எங்கிருந்து எண்ணப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்த மீட்டர் நமக்கு அவசியமா என்ற கேள்வியும் நியாயமானதே. சமவெளியிலேயே சுற்றும் வண்டிக்கு அவ்வளவு அவசியமில்லை. ஆனால் நம் சமவெளியைச் சுற்றி மலை நிற்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய். மலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப்பில், பிரேக்கைக் காப்பாற்றுவது கியர்தான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பழைய டீசல் பம்பில் உள்ள கவர்னர், நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இஞ்சினை ஒரு வரம்புக்கு மேல் சுற்ற விடாது. டீசலைக் குறைத்துவிடும். ஆனால் இறக்கத்தில் இஞ்சினைச் சுற்றுவது டீசல் இல்லை, சக்கரம். லோடு தள்ள, சக்கரம் உருள, கியர் வழியாக இஞ்சின் வலுக்கட்டாயமாகச் சுழலும். கவர்னருக்கு அங்கே வேலை இல்லை. வால்வும் கனெக்டிங் ராடும் அடிவாங்கும் இடம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயர் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகிறது, டிஃபரன்ஷியல் விகிதம் 4, இரண்டாவது கியர் விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் ஏறக்குறைய 455 சுற்று. டிஃபரன்ஷியலில் நான்கு மடங்காகி 1,820. இரண்டாவது கியரில் அது 4,550. டாடா ஏஸின் முதல் 702 சிசி இஞ்சினும், மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி இஞ்சினும் முழுச் சக்தி கொடுப்பது 3,200 ஆர்பிஎம்-மில். இந்தக் கணக்குப்படி இரண்டாவது கியரில் 42 கி.மீ. தாண்டினாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். மேனுவலைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பூட்டும் வழிகளுக்கு வருவோம். என் மனதில் முதலில் நிற்பது ஆல்டர்நேட்டர் வழி.

நம் பக்கம் இன்னும் டைனமோ என்றே சொல்லும் அந்த ஆல்டர்நேட்டரின் பின்புறத்தில் பல மாடல்களில் 'டபிள்யூ' என்று பொறித்த ஒரு சின்ன முனை இருக்கும். உள்ளே இருக்கும் மூன்று சுருள்களில் ஒன்றிலிருந்து நேராக வெளியே வரும் முனை அது. இஞ்சின் சுற்ற, பெல்ட் சுற்ற, இந்த முனையில் மின் துடிப்பு வரும். டீசல் ஆர்பிஎம் மீட்டர் இதைத்தான் எண்ணுகிறது. முனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போது மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து, முனைக்கும் பாடிக்கும் இடையே தொடுங்கள். சார்ஜ் ஆகும் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி, அதாவது 7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

மீட்டருக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அந்த அண்ணன் பம்பரக் கயிறு மாதிரி ஒரு நூலை எடுத்தார். கிராங்க் புல்லியில் பெல்ட் உட்காரும் இடத்தில் ஒரு சுற்று சுற்றி, விரல் நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் அளந்தார். பிறகு ஆல்டர்நேட்டர் புல்லியில் அதே மாதிரி. பெரியது சின்னதைப் போல இரண்டரை மடங்கு. பெரும்பாலான ஆல்டர்நேட்டர்களில் 12 துருவம், அதாவது ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. இரண்டரையை ஆறால் பெருக்கினால் 15. இஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் 15 துடிப்பு. 800 ஆர்பிஎம்-மில் வினாடிக்கு 200 துடிப்பு. மீட்டரின் பின்னால் இருந்த சின்ன சுவிட்சுகளை அதற்கேற்ப வைத்தார். 16 துருவ ஆல்டர்நேட்டர்களும் இருக்கின்றன. அதனால் கணக்கை மட்டும் நம்பிவிட வேண்டாம். சரிபார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

டபிள்யூ முனை இல்லாத ஆல்டர்நேட்டரும் உண்டு. செல்ப் டைனமோ கடையில் கழற்றி, சுருளின் ஒரு முனையிலிருந்து ஒயர் சாலிடர் வைத்து வெளியே எடுத்துத் தருவார்கள். எளிய வேலைதான். ஆனால் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆயில் பைப் தனியாக வரும். கழற்றி மாட்டும்போது வாஷரை மாற்றாமல் விட்டால் ஆயில் கசியும், வாக்குவம் குறையும், பிரேக் கல்லாகிவிடும். மீட்டருக்கு ஆசைப்பட்டு பிரேக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேலை தெரிந்த கடையில் மட்டும் கொடுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே நான்கைந்து முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. டபிள்யூ ஒயர் வழியில் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் சுருள் எர்த் ஆகி உள்ளே டயோடு போய்விடும். ஆல்டர்நேட்டர் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ் போடுங்கள். தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் புஷ் வையுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் ஒயரைக் கொண்டு போகாதீர்கள்.

இந்த வழியின் குறை, பெல்ட் வழுக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பது. நான் அதை நன்மையாகவே பார்க்கிறேன். பெல்ட் அறுந்தால் முள் பூஜ்யத்தில் விழும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகிறது. இஞ்சின் சூடேறி டெம்பரேச்சர் முள் எழும்புவதற்கு முன்பே, பெல்ட் போன சேதியை ஆர்பிஎம் முள் சொல்லிவிடும். வாக்குவம் பம்பும் அதோடுதான் நிற்கிறது என்றால், பிரேக் கடினமாகப் போகிறது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது வழி பிளைவீல் சென்சார். பிளைவீலைச் சுற்றியுள்ள பல்லுக்கு எதிரே ஒரு காந்த சென்சாரை நிறுத்தினால், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு. 120 பல் என்றால் சுற்றுக்கு 120 துடிப்பு. பெல்ட் வழுக்கல் இதைத் தொடாது. துல்லியம் என்று பார்த்தால் இதற்கு மேல் இல்லை. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கம்ப்ரசர் இஞ்சினை ஓட்டுகிறவர் ஆர்பிஎம் பார்க்காமல் வேலை செய்ய மாட்டார். அந்த இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் கேட்டால் இந்த சென்சாரைப் பற்றித் தெளிவாகச் சொல்வார்கள்.

பிக்கப்புக்கு இதில் இருக்கும் தொல்லை, ஹவுசிங்கில் துளை போட்டு மரை எடுக்க வேண்டும் என்பது. வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத் துகள் உள்ளே கிளட்சில் விழும். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறக்கும் நாள் வரும்வரை பொறுங்கள். அன்றைக்குத் துளையும் போடலாம், பல்லையும் சாக்பீஸ் வைத்து ஒன்று விடாமல் எண்ணலாம். சென்சாரைப் பல்லின் உச்சியில் முட்டும்வரை கையால் திருகி, அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று வரை பின்னால் எடுத்து லாக் நட் போடுவது வழக்கம். அதற்கு முன் பிளைவீலை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள். பல் எங்காவது மேடாக இருந்தால் சென்சார் முனை நசுங்கும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபிள் வைத்து ஓடும் பழைய மெக்கானிக்கல் மீட்டர், இஞ்சினில் அதற்கென்று ஒரு டிரைவ் முனை இருந்தால் மட்டுமே சாத்தியம். நம் பிக்கப்புகளில் அதைத் தேடி அலைய வேண்டாம். டீசல் பைப்பின் மேல் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் சென்சார் பட்டறையில் சோதிக்க நல்லது. நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப் ஒவ்வொரு முறை டீசல் பாயும்போதும் துளி விரியும், அதை அது உணர்கிறது. ஆனால் நாள் முழுக்கக் குலுங்கி ஓடும் வண்டியில் நிரந்தரமாக வைக்க நான் சொல்ல மாட்டேன்.

காமன் ரெயில் வண்டி, அதாவது அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி கம்ப்யூட்டர் வைத்து ஓடும் இஞ்சின் என்றால் கதை வேறு. ஆர்பிஎம் கணக்கு அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டியரிங் கீழே ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் இருந்து, உங்கள் வண்டிக்கு ஒத்துப்போகும் அடாப்டர் கிடைத்தால், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கிராங்க் சென்சார் ஒயரை மட்டும் வெட்டி இணைப்பு எடுக்காதீர்கள். அதில் சிக்னல் கெட்டால் வண்டி நடு ரோட்டில் நிற்கும். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி சீல் வைத்துப் பூட்டியிருந்தால் அதன் ஒயரிலும் கை வைக்க வேண்டாம்.

லாரி உடைக்கும் இடத்தில் மலிவாக ஒரு மீட்டர் கிடைத்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், நம் பிக்கப்பில் 12 வோல்ட். முகத்தில் வோல்ட் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு விலை பேசுங்கள். எண் மட்டும் காட்டும் டிஜிட்டல் மீட்டரும் எனக்குப் பிடிப்பதில்லை. சித்திரை வெயிலில் அந்தக் கண்ணாடி வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரியும்.

மீட்டரே வேண்டாம் என்ற வழியும் உண்டு, அதையும் மதிக்கிறேன். கோழிப்பண்ணைக்கும் முட்டைக் கிடங்குக்கும் இடையே ஒரே ரோட்டில் ஓடும் வண்டி, மலைப்பக்கமே போகாது என்றால், மேலே போட்ட கணக்கை ஒவ்வொரு கியருக்கும் போட்டு, 'இரண்டில் 40, மூன்றில் 65' என்பது போல உங்கள் வண்டிக்கு வரும் எண்களை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்கு மேல் செலவு தேவையில்லை.

எந்த மீட்டர் பூட்டினாலும் லேசர் ஆர்பிஎம் கருவி வைத்திருக்கும் பட்டறையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, லேசரை அதன் மேல் அடித்தால் உண்மையான சுற்று தெரிந்துவிடும். கைக்கும் சட்டைக்கும் பெல்ட்டிலிருந்து தூரம் வேண்டும். ஸ்லோ ஸ்பீடில் ஒருமுறை, 2,000-த்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் ஒரே விகிதத்தில் பிசகினால் சுவிட்ச் கணக்கு தப்பு. ஆர்பிஎம் கூடக்கூடப் பிசகும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் இல்லாத பம்ப் வைத்த பழைய 207, ஏஸ், பொலேரோ எதுவாக இருந்தாலும், மலை ஏறி இறங்கும் வண்டிக்கு டபிள்யூ முனையில் ஓடும் 12 வோல்ட் முள் மீட்டரே என் தேர்வு. பிளைவீல் சென்சாரை, கிளட்ச் வேலை வரும்போது கையில் காசு இருந்தால் யோசியுங்கள். மீட்டர் பூட்டிய அன்றே கண்ணாடியின் மேல், உங்கள் இஞ்சினின் வரம்பு எண்ணுக்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் அந்தக் கோடு தெரியட்டும். தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டாமல், முள் அந்தக் கோட்டைத் தொடாத கியரில் இறங்குங்கள்.